'ஒரு மீட்டர் அலைதானே'ன்னு இறங்காதீங்க... கடல் சொல்ற இன்னொரு நம்பரையும் பாருங்க!

லாங் வீக்எண்ட். கன்னியாகுமரி பக்கம் ட்ரிப். ரூம் போட்டாச்சு, சன்ரைஸுக்கு அலாரமும் வெச்சாச்சு. அப்போ பார்த்து குரூப்ல ஒருத்தர் ஒரு எச்சரிக்கையை ஃபார்வர்டு பண்றார். 'கடலோரப் பகுதிகளில் 1.0 முதல் 1.4 மீட்டர் வரை அலைகள் எழக்கூடும். அலைவுக் காலம் 17 முதல் 19 விநாடிகள்.'

அடுத்த மெசேஜ் என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். "ஒரு மீட்டர்தானே மச்சி, இடுப்பளவுதான். இதுக்கா பயம்?"

அந்த எச்சரிக்கையில் இரண்டு நம்பர் இருந்தது. எல்லோரும் படிச்சது முதல் நம்பரை மட்டும்தான். ஆளை இழுத்துட்டுப் போறது பெரும்பாலும் இரண்டாவது நம்பர். அதைப் புரிஞ்சுக்க, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துபோன அலை பாடத்தை ஒரு தடவை திறந்து பார்த்தாலே போதும். நோட்ஸ் எடுக்க வேண்டாம், கடற்கரையில் நிற்கிறதா நினைச்சுக்கோங்க.

அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம், நங்கூரம் போட்டு ஒரு ஃபைபர் படகு நிற்குதுன்னு வைப்போம். பெரிய அலை ஒன்று படகுக்கு அடியில் புகுந்து கரைக்கு வருது. படகு வந்துச்சா? இல்லை. மேலே ஏறுச்சு, கொஞ்சம் முன்னே வந்துச்சு, கீழே இறங்குச்சு, பின்னாடி போய் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துருச்சு. நடுக்கடலில் தண்ணீரும் அப்படித்தான், இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. கரையை நோக்கி ஓடி வருவது தண்ணீர் இல்லை, ஆற்றல். ஒரு கலக்கம் இடம்விட்டு இடம் நகர்வதுதான் அலை. அதைச் சுமக்கிற பொருள் கூடவே பயணம் செய்ய வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டு கை மாறி கை மாறி பந்தியின் கடைசிக்குப் போகிற மாதிரி. தட்டு போகும், ஆட்கள் எழுந்து போக மாட்டாங்க.

இனி உறுப்புகள். அலையின் உச்சி, முகடு. பள்ளம், அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரைக்கும் உள்ள தூரம் அலைநீளம். அமைதியான நீர்மட்டத்திலிருந்து முகடு வரை உள்ள உயரம் வீச்சு. இங்கே ஒரு சின்ன குழப்பம் இருக்கு. பாடப்புத்தகம் சொல்வது வீச்சு. கடல் எச்சரிக்கை சொல்வது அலை உயரம், அதாவது அகட்டிலிருந்து முகடு வரை. வீச்சைப் போல இரண்டு மடங்கு.

அதோடு முடியலை. எச்சரிக்கையில் வருகிற உயரம் எல்லா அலைகளின் சராசரியும் கிடையாது, அதிகபட்சமும் கிடையாது. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அதுக்குப் போடுகிற சராசரி. நடுநடுவே அதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்திலும் அலை வரலாம். '1.2 மீட்டர்' என்று படிச்சா, '2 மீட்டருக்கு மேலயும் ஒண்ணு ரெண்டு வரும்' என்று சேர்த்துப் படிக்கணும். இதை ஏன் எச்சரிக்கையிலேயே ஒரு வரி சேர்த்துப் போடக் கூடாதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் உண்டு.

சரி, இரண்டாவது நம்பருக்கு வருவோம்.

ஒரு முகடு உங்களைக் கடந்த நொடியிலிருந்து அடுத்த முகடு வரும் வரை ஆகிற நேரம்தான் அலைவுக் காலம். ஒரு விநாடிக்கு எத்தனை அலை கடக்குது என்று திருப்பிக் கேட்டால் அது அதிர்வெண். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் வந்துரும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியா வந்த அதே சூத்திரம்தான்.

ஆழ்கடல் அலைக்கு மட்டும் ஒரு அழகான குறுக்குவழி இருக்கு. அலைவுக் காலத்தை அதே எண்ணால் பெருக்கி, அதை 1.56-ஆல் பெருக்குங்க. அலைநீளம் மீட்டரில் வந்துரும். பக்கத்துக் காற்றால் எழுகிற சாதாரண அலை, 6 விநாடி என்று வைப்போம். 6 பெருக்கல் 6 பெருக்கல் 1.56, சுமார் 56 மீட்டர். வேகம் மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர். இப்போ அந்த எச்சரிக்கையில் இருந்த 18 விநாடியைப் போடுங்க. அலைநீளம் 505 மீட்டர். ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர்! வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்.

உயரம் இரண்டுக்கும் ஒன்றேதான். ஆனால், காலம் மூன்று மடங்கானதும் அலைநீளம் ஒன்பது மடங்காயிருச்சு. அதனால் ஆழ்கடலில் ஒவ்வொரு அலையும் சுமந்து வருகிற ஆற்றலும் ஒன்பது மடங்கு. இதோடு உயரமும் இரண்டு மடங்கானால் அதுக்குத் தனியா இன்னொரு நான்கு மடங்கு, ஏன்னா ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 'இடுப்பளவு'தான். ஆனா எந்த இடுப்பளவு என்பதில்தான் விஷயம் இருக்கு.

திருடன் மாதிரி வர்ற கடல்

இந்த நீள அலைகள் எங்கிருந்து வருது? கரையில் நின்னா வானம் பளிச்சுன்னு இருக்கும். காற்று இருக்காது. புயல் சின்னம் எதுவும் இல்லை. ஆனா தண்ணீர் மட்டும் தெருவுக்குள் ஏறும். கேரளக் கடற்கரை மீனவர்கள் இதுக்கு வெச்ச பெயர் கள்ளக்கடல். சத்தமில்லாமல் திருடன் போல வருவதால் அந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை முறைப்படி ஏற்றுக்கொண்டது. மீனவர்கள் வாயிலிருந்து நேரா அறிவியல் கட்டுரைக்குப் போன வார்த்தைகள் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

இதன் பிறப்பிடம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி, அண்டார்டிகாவுக்குப் பக்கத்துக் கடல். அங்கே நாள்கணக்கில் ஒரே திசையில் பலத்த காற்று அடிக்கும்போது நீளமான அலைகள் உருவாகும். குறுக்கே நிலம் எதுவும் இல்லாததால் அப்படியே வடக்கே கிளம்பி வந்துரும். குட்டி அலைகள் வழியிலேயே தேய்ந்துபோகும். நீள அலைகள் ஆற்றலை ரொம்பவும் இழக்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும்.

2024-ல் நடந்ததைப் பாருங்க. ஏப்ரல் கடைசி வாரத்தில், நம் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக்கிலிருந்து தென் இந்தியப் பெருங்கடலுக்குள் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகர்ந்தது. அதன் அலைகள் மே முதல் வாரத்தில் கேரளாவையும் தென் தமிழகத்தையும் தொட்டன. கணக்கு சரியா வருதான்னு நீங்களே போட்டுப் பார்க்கலாம். முகடுகளின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றாலும், ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். மணிக்கு 50 என்றால் நாளைக்கு 1,200. பத்தாயிரத்தை வகுங்க. எட்டு நாள் சொச்சம்.

அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர்கள். உங்கள் வயது, என் தம்பி வயது.

இந்த மாதிரிச் செய்திகளுக்குக் கீழே 'சொன்னா கேட்கறதில்லை' என்று கமென்ட் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சொன்ன விதம் புரிகிற மாதிரி இருந்ததா என்பதுதான் என் கேள்வி. 'அலைவுக் காலம் 18 விநாடி' என்ற வரி எத்தனை பேருக்கு ஆபத்தாகத் தெரியும்?

கரைக்கு வந்ததும் அலைக்கு என்ன ஆகுது?

அலைக்குக் கீழே தண்ணீர் வட்டமடிக்கும் என்றேன் இல்லையா? அந்த அசைவு அலைநீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் இருக்கும். 6 விநாடி அலைக்கு அது 28 மீட்டர். 18 விநாடி அலைக்கு 250 மீட்டர். அதனால் நீள அலை, கரையிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும்போதே கடல்தரையை 'தொட' ஆரம்பிச்சுரும். தரை தட்டினதும் வேகம் குறையும்.

இங்கேதான் பாடப்புத்தகத்தின் முக்கியமான வரி வேலை செய்யுது. ஊடகம் மாறினால் அலையின் வேகம் மாறும், அலைநீளம் மாறும், ஆனால் அதிர்வெண் மாறாது. 18 விநாடிக்கு ஒன்று என்று கிளம்பின அலை, கரையிலும் 18 விநாடிக்கு ஒன்றுதான். பின்னால் வருவது நிற்காது, முன்னால் போவது மெதுவாகுது. டோல்கேட் பக்கத்தில் வண்டிகள் நெருங்குகிற மாதிரி முகடுகள் நெருங்கும். 5 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 7 மீட்டர்தான், அரை கிலோமீட்டர் அலைநீளம் 126 மீட்டராகச் சுருங்கியிருக்கும். அத்தனை ஆற்றலையும் இந்தக் குறுகின இடத்தில் அடைக்கணும். வேற வழி? அலை உயரும். கணக்குப்படி 1.2 மீட்டர் அலை அங்கே 1.7 மீட்டர் ஆகிரும். அதே ஆழத்தில் 6 விநாடி அலை கிட்டத்தட்ட உயர்வதே இல்லை. அப்புறம், தண்ணீரின் ஆழமும் அலையின் உயரமும் கிட்டத்தட்ட சமமாக வருகிற இடத்தில் முகடு முன்னால் கவிழ்ந்து உடையும். நீங்க ரீல்ஸ் எடுக்க நிற்கிற இடம் அதுதான்.

உடைந்த பிறகு, இதுவரைக்கும் இருந்த இடத்தில் வட்டமடித்த தண்ணீர் நிஜமாகவே ஓட ஆரம்பிக்கும். குட்டி அலை என்றால் இரண்டு மூன்று விநாடியில் ஏறி, இறங்கி முடிஞ்சுரும். 18 விநாடி அலை ஏறிக்கிட்டே இருக்கும். 'இவ்வளவுதான்' என்று நீங்க நினைச்ச கோட்டைத் தாண்டி வரும். அதைவிட மோசம், திரும்பும்போதும் அத்தனை விநாடி இழுக்கும். ஒரு கன மீட்டர் கடல் நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும்போது காலடி மணலும் சேர்ந்து ஓடும். பிடிச்சுக்க எதுவும் இருக்காது.

இன்னொரு தந்திரமும் உண்டு. 'பத்து நிமிஷமா பார்க்கிறேன், கடல் அமைதியாத்தான் இருக்கு' என்று இறங்குவாங்க. நீள அலைகள் செட் செட்டாத்தான் வரும். கொஞ்சம் வித்தியாசமான காலம் கொண்ட இரண்டு அலை வரிசைகள் சேரும்போது, முகடும் முகடும் பொருந்துகிற இடத்தில் பெரிய அலை. முகடும் அகடும் பொருந்துகிற இடத்தில் இரண்டும் கழிந்து கடல் அடங்கிப்போகும். குறுக்கீட்டு விளைவு என்று படிச்சோமே, அதுதான். அடங்கின நேரத்தில் உள்ளே போனவங்களை அடுத்த செட் பிடிக்கும். 'ஏழாவது அலைதான் பெருசு' என்று சொல்வாங்களே, அந்த ஏழுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. ஆனா பெரிய அலைகள் கும்பலாக வரும் என்று கவனிச்சவங்க கண்ணு தப்பில்லை.

உங்க காதில் இருக்கிற இயர்பட்ஸ் செய்வதும் இந்தக் கழித்தல்தான். வெளிச் சத்தத்தை அதில் இருக்கிற மைக் கேட்டு, முகடுக்கு அகடாகத் தலைகீழ் அலையை உருவாக்கி அனுப்புது. இரண்டும் சேர்ந்து அமைதி. பஸ் இன்ஜினின் 'ங்ங்ங்' சத்தம் சுமார் 100 ஹெர்ட்ஸ் என்றால் அதன் அலைநீளம் 3.4 மீட்டர், பொருத்துவது சுலபம். கண்டக்டர் விசிலின் அலைநீளம் சில சென்டிமீட்டர்கள்தான். நொடியில் ஒரு துளி பிசகினாலும் பொருந்தாது. அதனால்தான் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் விசில் கேட்குது. ஒரு வித்தியாசம் மட்டும், ஒலி நெட்டலை. முகடு அகடு என்பதெல்லாம் வரைபடத்தில்தான். காற்றில் நடப்பது இறுக்கமும் தளர்ச்சியும், அலை போகிற திசையிலேயே முன்னும் பின்னும் அசைவு. கயிற்றை உதறினால் ஓடுவது குறுக்கலை. கடல் அலை இரண்டும் கலந்த கலவை, வட்டம் அதனால்தான்.

கடற்கரை ஊர்களில் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருப்பாங்க. 'அதுக்குப் பின்னாடி அலையே இருக்காது, அங்கே குளிக்கலாம்' என்று ஒரு யோசனை வரும். அலைக்கு ஓரத்தில் வளையத் தெரியும். தடுப்பின் முனையைச் சுற்றி உள்ளே பரவும், அலைநீளம் பெருசா இருந்தா இன்னும் நல்லாவே வளையும். கல்லில் மோதினது திரும்பியும் வரும். வருவதும் திரும்புவதும் மோதுகிற இடத்தில் கடல் கொதிக்கிற மாதிரி இருக்கும். (வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த ரூமுக்கு வந்து, 5 கிகாஹெர்ட்ஸ் திணறுவதிலும் இந்த அலைநீளக் கதைக்குப் பங்கு உண்டு. முதல் அலை 12.5 சென்டிமீட்டர், இரண்டாவது 6. நீளமான அலை சுவரையும் மூலையையும் கொஞ்சம் சுலபமாத் தாண்டும்.)

60 சென்டிமீட்டர் சுனாமி

'உயரம் மட்டும் பார்க்காதீங்க' என்பதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ரா நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலைத் தற்செயலாகக் கடந்தது. நடுக்கடலில் அது அளந்த சுனாமியின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். படகில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. ஆனால், அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு 4,000 மீட்டர் ஆழ்கடல்கூட வெறும் முழங்கால் தண்ணீர்தான், அங்கேயும் தரையைத் தொட்டுக்கொண்டேதான் ஓடும். அந்த ஆழத்தில் வேகம் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர். கரைக்கு வந்து வேகம் குறைந்தபோது என்ன ஆனது என்று உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சில கரைகளில் முகடுக்கு முன்னால் அகடு வந்து சேர்ந்தது. கடல் உள்வாங்கியது. மீனும் சிப்பியும் தெரிய, பார்க்க இறங்கினவங்க நிறைய பேர். தாய்லாந்தின் ஃபூகெட் தீவில் ஒரு கடற்கரையில், 10 வயது இங்கிலாந்துச் சிறுமி கடல் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைப் பார்த்து, இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து கத்தினாள். கரையைக் காலி செய்தார்கள். அங்கே இருந்த சுமார் 100 பேர் பிழைத்தார்கள்.

போறதுக்கு முன்னாடி போன்ல பாருங்க

ஹைதராபாத்தில் இருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், தினமும் அலை உயரமும் காலமும் சேர்த்தே கணிப்பு வெளியிடுது. 'சமுத்ரா' என்று அவங்க ஆப்பும் இருக்கு. அதில் எச்சரிக்கை இருந்தா, அன்னைக்குக் கடற்கரையில் சுண்டல் மட்டும்தான்.

தப்பித்தவறி இழுவையில் சிக்கினா, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு மூச்சை வீணாக்காதீங்க. உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் குறுகலாத்தான் இருக்கும். மிதங்க, கையைத் தூக்கிக் காட்டுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்துட்டு அப்புறம் கரைக்குத் திரும்புங்க. கரையில் நிற்கிறவங்க சங்கிலியா கை கோத்து உள்ளே இறங்க வேண்டாம். ஒருத்தரைக் காப்பாற்றப் போய் நாலு பேர் போன கதைகள் நம்ம ஊரில் நிறைய. கயிறு, காலி கேன், டியூப், எது கிடைச்சாலும் தூக்கிப் போடுங்க. 112-க்கோ, கடலோரக் காவல் படையின் 1554-க்கோ அடிங்க.

நெட்வொர்க்கே இல்லையா? போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கும். மணலில் உட்கார்ந்து, அலை உடைகிற இடத்தைப் பாருங்க. ஒரு முகடு கவிழும்போது ஸ்டார்ட். அதுக்கப்புறம் பத்து எண்ணுங்க, பத்தாவது கவிழும்போது ஸ்டாப். வந்த விநாடியைப் பத்தால் வகுத்தா அதுதான் அலைவுக் காலம். ஒரு செட் முழுசா கண்ணில் படணும் என்பதால் அரை மணி நேரமாவது விட்டு விட்டு எண்ணுவது நல்லது. எண்ணிக்கை சின்னதா வந்தாலே பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை, மெரினா மாதிரி சட்டுன்னு ஆழமாகிற கடற்கரையில் 7 விநாடி அலையும் ஆளை எடுத்துரும். ஆனா 15-ஐத் தாண்டி வந்துச்சுன்னா, வானம் எவ்வளவு நீலமா இருந்தாலும், நான் செருப்பையே கழற்றுறதில்லை.